ஒற்றை இயர்பட்டைத் தேடி: தொலைந்த ப்ளூடூத் பொருளுக்கு எந்த ஆப்?

மதுரையிலிருந்து சித்தப்பா கூப்பிட்டபோது இரவு மணி பத்தரை.

"டேய் தம்பி, காதுல மாட்டுறதுல ஒண்ணக் காணோம்டா. ராடார் ஆப்புன்னு ஒண்ணு எறக்குனேன். மூணு நாள் சும்மாவாம், அப்புறம் வாரத்துக்கு 499 ரூபாயாம். அமுக்கிறவா?"

"அமுக்காதீங்க சித்தப்பா. மொதல்ல கையில இருக்கிற இன்னொண்ண டப்பாவுல போட்டு மூடுங்க."

மூடினார். போனில் ப்ளூடூத் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொன்னேன். இயர்பட்ஸ் பெயருக்குக் கீழே இன்னமும் இணைப்பில் இருப்பதாகவே காட்டியது. கையிலிருந்தது டப்பாவுக்குள் தூங்கப் போய்விட்டது. அப்படியும் இணைப்பு அறுபடவில்லை என்றால் தொலைந்தது இன்னும் சார்ஜோடு, அந்த வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது. மின்விசிறியை நிறுத்தி, டிவியை அணைத்து, யூடியூபில் ஒரு நாதஸ்வரக் கச்சேரியைப் போட்டு, சத்தத்தை முழுக்க ஏற்றச் சொன்னேன். ஐந்து நிமிடம் இருக்கும். பின்னாலிருந்து சித்தி குரல்: "இந்தாங்க, தலகாணி ஒறைக்குள்ள என்னமோ கீச்சு கீச்சுங்குது."

நாதஸ்வரம் என்று சொன்னது பக்தியால் இல்லை. இயர்பட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கர் மிகச் சிறியது. காதுத் துளையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் அதிலிருந்து தவில் சத்தம் வரும். வெளியே கிடந்தால் அடித்தொனி எல்லாம் காற்றோடு போய்விடும், கீச்சுக்குரல் மட்டும் மிஞ்சும். விசில், பறவைச் சத்தம், நாதஸ்வரம் மூன்றும் எடுபடும். குத்துப்பாட்டு எடுபடாது.

புதிதாக இயர்பட்ஸ், வாட்ச், ஃபிட்னஸ் பேண்ட் வாங்கியவர்கள், வீட்டில் யாருக்காவது வாங்கிக் கொடுத்தவர்கள், எந்தத் தேடல் ஆப் நல்லது என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். ஒரே ஆப்பின் பெயரைச் சொல்லி முடிக்க முடிந்தால் எனக்கும் சௌகரியம்தான். ஆனால் தேடும் திறமையில் பெரும்பங்கு ஆப்பில் இல்லை, தொலைந்த பொருளிலும் அதைத் தொலைக்கும் முன் நீங்கள் செய்து வைத்த அமைப்பிலும் இருக்கிறது. அதனால் பொருளைப் பார்த்துத்தான் ஆப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வரிசையாகச் சொல்கிறேன்.

எதையும் இறக்கும் முன்

பொருள் காணோம் என்று தெரிந்ததும் முதல் பத்து நிமிடம் ப்ளே ஸ்டோர் பக்கமே போகாதீர்கள். சித்தப்பாவிடம் செய்யச் சொன்னதைச் செய்யுங்கள். கையிலிருக்கும் ஒற்றை இயர்பட்டை டப்பாவில் போட்டு மூடிவிட்டு இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சத்தம் போட்டுத் தேடுங்கள். சில மாடல்களில் காதைவிட்டு எடுத்ததும் பாட்டு தானாக நின்றுவிடும். அந்த வசதியை அமைப்புக்குள் போய் அணைத்துவிட்டுப் போடுங்கள். இணைப்பு இல்லை என்று காட்டினால் போனைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக, மாடிக்கு, வாசலுக்கு, கார் நிற்கும் இடத்துக்கு நடந்து பாருங்கள். ஏதோ ஓரிடத்தில் இணைப்பு திரும்ப வந்தால், பத்து மீட்டர் வட்டத்துக்குள் வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த நேரத்தில் பலரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. சரியாக இணைத்துப் பார்ப்போம் என்று பட்டியலில் அந்தப் பெயரை அழுத்தி 'ஃபர்கெட்' கொடுத்துவிடுவார்கள். கொடுத்தால் போச்சு. போனுக்கும் பொருளுக்கும் இருந்த ஒரே நூல் அது. மறுபடி இணைக்க இயர்பட்டை இணைப்பு நிலைக்குக் கொண்டுவர வேண்டும், அதற்குப் பொருள் கையில் இருக்க வேண்டும். இணைப்பு இருக்கும்போது ப்ளூடூத்தை அணைப்பதும் வேண்டாம். இணைப்பு அறுந்து கிடக்கும் இயர்பட் பல மாடல்களில் சில நிமிடங்களில் தானாக அணைந்துவிடும்.

நேரமும் முக்கியம். டப்பாவுக்கு வெளியே கிடக்கும் இயர்பட் ஒரு சார்ஜில் சில மணி நேரம்தான் தாங்கும். இரவு தொலைந்ததைக் காலையில் தேடலாம் என்று விட்டால் காலையில் அது வெறும் பிளாஸ்டிக். ஃபிட்னஸ் பேண்ட் என்றால் பரவாயில்லை, பல நாள் தாங்கும்.

வரைபடத்துப் புள்ளியை எவ்வளவு நம்பலாம்

ஆப் திறந்ததும் வரைபடத்தில் ஒரு புள்ளி வரும். பலர் அதை இயர்பட் இருக்கும் இடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இயர்பட்டுக்குள் ஜிபிஎஸ் கிடையாது. அதற்குத் தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. தெரிந்தது போனுக்குத்தான். இணைப்பு கடைசியாக அறுந்தபோது போன் எங்கே இருந்ததோ, அந்த இடத்தைத்தான் ஆப் குறித்து வைக்கிறது.

தாம்பரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்குகிறீர்கள், இயர்பட் சீட்டில் விழுந்து கிடக்கிறது. பஸ் கிளம்பிப் போகிறது. புள்ளி எங்கே விழும்? நீங்கள் இறங்கிய ஸ்டாப்பில். அங்கே போய்த் தரையைத் துழாவி என்ன பிரயோஜனம்? புள்ளியோடு போட்டிருக்கும் நேரத்தைப் பாருங்கள். அந்த நிமிடத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன், எதிலிருந்து இறங்கினேன், எங்கே உட்கார்ந்து எழுந்தேன் என்று யோசித்தால் புள்ளியைவிட அந்த நேரம் அதிகம் சொல்லும்.

இதைத் தாண்டி, உங்கள் போன் அருகில் இல்லாதபோதும் இடத்தைக் காட்டும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. தொலைந்த பொருள் விடும் மெல்லிய ப்ளூடூத் சமிக்ஞையைத் தெருவில் போகிற வேறொருவரின் போன் பிடித்து, தன் இடத்தோடு சேர்த்து, பூட்டுப் போட்ட செய்தியாக அனுப்பிவைக்கும். அனுப்பியவருக்கும் தெரியாது, நடுவில் இருக்கும் கம்பெனிக்கும் உங்கள் இடம் தெரியாது, உங்கள் கணக்கில் மட்டும் திறக்கும். இந்த வலைப்பின்னல்தான் தேடலின் உண்மையான பலம். ப்ளே ஸ்டோரில் ராடார் படம் போட்டு விற்கும் ஆப்களுக்கு இதற்குள் நுழைய வழியில்லை. ஆப்பிள், கூகுள், சாம்சங் ஆகியோரின் சொந்த ஆப்களில் இது இருக்கிறது. அவை இலவசம். பெரும்பாலும் உங்கள் போனிலேயே ஏற்கெனவே கிடக்கும்.

போனிலேயே இருக்கும் ஆப்

ஐபோன்காரர்களுக்கு 'ஃபைண்ட் மை'. செட்டிங்ஸில் மேலே உங்கள் பெயரைத் தொட்டு, உள்ளே ஃபைண்ட் மை பக்கத்தில் ஐபோன் தேடலும் நெட்வொர்க்கும் இரண்டுமே இயங்குகின்றனவா என்று பாருங்கள். ஏர்பாட்ஸை ஐபோனோடு இணைத்த கணமே அது இந்தப் பட்டியலில் சேர்ந்துவிடும். அதே ஏர்பாட்ஸை ஆண்ட்ராய்டு போனோடு மட்டும் இணைத்துப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் இந்த வசதி உங்களுக்குக் கிடையாது. சொல்லாமல் விற்றுவிடுகிறார்கள், வாங்குகிறவரும் கேட்பதில்லை.

ஏர்பாட்ஸிலும் எல்லாம் ஒன்றில்லை. முதல் இரண்டு தலைமுறை மாடல்கள் கடைசியாக இணைந்திருந்த இடத்தை மட்டும் காட்டும், வழிப்போக்கர்களின் ஐபோன்கள் உதவிக்கு வராது. ஏர்பாட்ஸ் ப்ரோவுக்கு 2021-ல் அந்த உதவி கிடைத்தது. மூடிய டப்பாவுக்குள் இருக்கும் இயர்பட்டைச் சத்தம் போட வைக்க முடியாது. 2022-ல் வந்த ஏர்பாட்ஸ் ப்ரோ இரண்டாம் தலைமுறையில் டப்பாவுக்கே ஸ்பீக்கர் வைத்தார்கள், அது கத்தும். பழைய மாடலில் இடது ஓரிடம், வலது ஓரிடம் என்று பிரிந்து கிடந்தால் வரைபடத்தில் ஒன்று மட்டும் தெரியும். அதை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு மறுபடி திறந்தால் அடுத்தது தெரியும். இது தெரியாமல் ஒன்று கிடைத்ததும் இன்னொன்றும் பக்கத்தில்தான் என்று அந்த இடத்தையே சுற்றுகிறவர்கள் அதிகம்.

ஆண்ட்ராய்டில் கூகுளின் 'ஃபைண்ட் ஹப்'. முன்பு 'ஃபைண்ட் மை டிவைஸ்' என்று இருந்ததுதான், 2025 மே மாதம் பெயரை மாற்றினார்கள். வழிப்போக்கர் வலைப்பின்னல் இதில் 2024 ஏப்ரலில்தான் அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கி, பிறகு மற்ற நாடுகளுக்கு வந்தது. ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்கு மேல் இருந்தால் உங்கள் போன் இதில் சேரும். நூறு கோடிக்கு மேற்பட்ட ஆண்ட்ராய்டு போன்கள் என்று கூகுள் அறிவித்தது. நம் ஊரில் யார் பையைத் துழாவினாலும் ஆண்ட்ராய்டு போன்தானே வருகிறது, அந்த வகையில் இது நமக்குப் பொருத்தம்.

ஆனால் இதில் ஒரு அமைப்பைக் கட்டாயம் மாற்றுங்கள். செட்டிங்ஸில் கூகுள், அதற்குள் எல்லாச் சேவைகள், அதற்குள் ஃபைண்ட் ஹப் என்று போனால் இணையம் இல்லாத சாதனங்களைத் தேடுவது பற்றி ஒரு பக்கம் வரும். நான்கு தேர்வுகள். முற்றிலும் வேண்டாம். நெட்வொர்க் இல்லாமல். ஆள்நடமாட்டம் மிகுந்த இடங்களில் மட்டும். எல்லா இடங்களிலும். நீங்கள் தொடாமல் விட்டால் மூன்றாவதுதான் இருக்கும். மூன்றாவதில், பல போன்கள் சேர்ந்து ஒரே பொருளைப் பார்த்திருந்தால்தான் இடம் காட்டப்படும். ரங்கநாதன் தெருவுக்கு அது போதும். கிராமத்து வீட்டுக்கும், தனியாகப் போகும் தார்ச் சாலைக்கும் போதாது, ஒரே ஒருவர் கடந்து போனால் அவர் போன் பார்த்தது கணக்கில் வராது. நான்காவதுக்கு மாற்றிவிடுங்கள். அப்போதுதான் உங்கள் போனும் மற்றவர் பொருளைத் தனியாகப் பார்த்துச் சொல்லும், ஊரில் நாலு பேர் மாற்றினால் நாலு பேருக்கும் லாபம்.

போனில் திரைப் பூட்டு இல்லாவிட்டால் இந்தப் பூட்டுப் போட்ட செய்தி வேலை செய்யாது. "எதுக்குப்பா பின்னு, அவசரத்துக்குத் திறக்க முடியல" என்று பூட்டே போடாத பெரியவர்கள் போனில் முதலில் ஒரு பின் வைத்துக் கொடுங்கள்.

அடுத்து, உங்கள் இயர்பட்ஸ் ஃபைண்ட் ஹப் பட்டியலில் வருகிறதா என்று பாருங்கள். பெட்டியைத் திறந்ததும் போன் திரையில் தானாகவே படத்தோடு ஒரு அட்டை எழும்பி 'இணைக்கவா' என்று கேட்டதா? அது கூகுளின் ஃபாஸ்ட் பேர். அப்படி இணைந்தவை பட்டியலில் சேரும், ஒலி எழுப்பவும் கடைசி இடம் பார்க்கவும் முடியும். ஆனால் வழிப்போக்கர் உதவி அவற்றிலும் சில மாடல்களுக்குத்தான். ப்ளூடூத் பக்கத்தில் நாமே தேடிப் பிடித்து இணைத்த மலிவு இயர்பட்ஸ் பெரும்பாலும் இதில் வராது.

சாம்சங் போனும் கேலக்ஸி பட்ஸும் வைத்திருப்பவர்கள் சாம்சங்கின் சொந்தத் தேடல் ஆப்பையே பயன்படுத்துங்கள். 2020-லிருந்து அவர்களுக்கென்று தனி வலைப்பின்னல் இருக்கிறது.

இயர்பட்ஸ் கம்பெனியின் ஆப்

மேலே சொன்ன எதிலும் உங்கள் பொருள் சேரவில்லை என்றால் அதைச் செய்த கம்பெனியின் ஆப். இயர்பட்ஸ் பெட்டியில் க்யூஆர் குறியீடாக அச்சடித்திருப்பார்கள், நாம் பெட்டியோடு தூக்கி எறிந்திருப்போம். நத்திங் எக்ஸ், ஜேபிஎல் ஹெட்ஃபோன்ஸ், சாம்சங்கின் கேலக்ஸி வேரபிள் இவற்றிலெல்லாம் இயர்பட்டை ஒலிக்க வைக்கும் பொத்தான் இருக்கிறது. இடது, வலது என்று தனித்தனியாக ஒலிக்கச் செய்யலாம். பாட்டுப் போட்டுத் தேடுவதைவிட இது மேல், காரணம் காதில் இல்லாவிட்டாலும் ஒலி நிற்காது, தேடுவதற்கென்றே அமைத்த கூர்மையான பீப் சத்தம். காதில் மாட்டிக்கொண்டு மட்டும் சோதித்துப் பார்க்காதீர்கள்.

எல்லையைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பொத்தான் ப்ளூடூத் எட்டும் தூரத்துக்குள்தான். வீட்டுக்குள், அலுவலகத்துக்குள் என்றால் தெய்வம். கோயம்பேட்டில் விட்டுவிட்டுத் திண்டிவனத்தில் அழுத்தினால் ஒன்றும் ஆகாது.

காது கேட்கும் கருவி வைத்திருக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பகுதி அவர்களுக்குத்தான் முக்கியம். இயர்பட்ஸ் போனால் ஆயிரங்கள், அந்தக் கருவி போனால் பல ஆயிரங்கள், சில நேரம் லட்சம். ஸ்டார்கீ, ஓட்டிகான், ரீசவுண்ட் கம்பெனிகளின் ப்ளூடூத் மாடல்களுக்கான ஆப்களில் கருவியைத் தேடும் பகுதி உண்டு. கருவியை மாட்டிவிடும் நிலையத்திலேயே, பணம் கட்டும் முன், அந்த ஆப்பைப் பிள்ளைகள் யாராவது ஒருவர் போனில் போட்டுச் சோதித்துவிட்டு வாருங்கள். ஆப்பே இல்லாத பழைய கருவிக்கும் ஒரு வழி இருக்கிறது. அணைக்காமல் விட்ட கருவி துணிக்குள்ளோ குறுகிய இடத்திலோ மாட்டிக்கொண்டால் தன் சத்தத்தைத் தானே வாங்கி வீல் என்று விசிலடிக்கும். இரவு வீடு அடங்கியதும் ஒவ்வொரு அறையிலும் நின்று காது கொடுத்துக் கேளுங்கள். காது கேட்காதவரை மட்டும் அனுப்பாதீர்கள்.

ஸ்கேனர்: எண்ணைப் பார்த்து நடப்பது

கடைசியில்தான் வரவேண்டியது ஸ்கேனர் ஆப். சுற்றியிருக்கும் ப்ளூடூத் சாதனங்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றின் சமிக்ஞை பலத்தையும் எண்ணாகக் காட்டும். கடையில் ராடார், வட்டம், அம்புக்குறி என்று விதவிதமாக அலங்கரித்து விற்பவை பெரும்பாலும் இந்த ஒரே எண்ணைத்தான் வேஷம் கட்டிக் காட்டுகின்றன. நான் பயன்படுத்துவது என்ஆர்எஃப் கனெக்ட். நார்வேயின் நார்டிக் செமிகண்டக்டர் என்ற சிப் கம்பெனி, பொறியாளர்களுக்காக இலவசமாகக் கொடுப்பது. பார்க்க அழகாக இருக்காது. வாரச் சந்தாவும் கேட்காது.

அந்த எண் மைனஸில் இருக்கும். மைனஸ் 40 என்றால் கைக்கெட்டும் தூரம். மைனஸ் 70 என்றால் அதே அறை அல்லது பக்கத்து அறை. மைனஸ் 90 என்றால் எட்டும் எல்லையின் ஓரத்தில் இருக்கிறீர்கள். திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் எண் ஆறு குறையும், அதாவது மைனஸ் 40 மைனஸ் 46 ஆகும் என்பது கணக்கு. வீட்டுக்குள் அந்தக் கணக்கு நிற்காது. ஸ்டீல் பீரோ, தண்ணீர்த் தொட்டி, ஏன் நம் உடம்பே கூட சமிக்ஞையைத் தின்னும்.

போன தையில் என் மனைவியின் ஃபிட்னஸ் பேண்ட் காணாமல் போனது. அவள் போனோடு அது இணைந்திருந்தால் பட்டியலில் வராமல் போகலாம் என்பதால், அவள் போனில் ப்ளூடூத்தை அணைத்துவிட்டு என் போனில் ஸ்கேன் போட்டேன். பேண்ட் இயர்பட் மாதிரி தூங்கிப்போகாது, போன் விட்டுப் போனதும் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று கூவ ஆரம்பிக்கும். பட்டியலில் முப்பது வரி வந்தது. பக்கத்து ஃப்ளாட் டிவி, கீழ் வீட்டு ஸ்பீக்கர், பெயரே இல்லாத பதினைந்து. பேண்டின் பெயர் நடுவில் மைனஸ் 88 என்று இருந்தது. ஹாலில் 88. படுக்கையறைக்குப் போனால் 91. சமையலறை 84. பின்பக்கக் கதவைத் திறந்ததும் 76. மொட்டை மாடிப் படியில் பாதி ஏறியபோது 67. மாடியில் கொடி கட்டிய இடத்தில் 58. துணிக்கொடியில் தொங்கும் கிளிப் பைக்குள் கையைவிட்டபோது 41. துணி காயப்போடும்போது கழன்று கிளிப்புகளோடு விழுந்திருக்கிறது. மொத்தம் பத்து நிமிடம்.

செய்கிறவர்களுக்கு நாலைந்து விஷயம். ஓரிடத்தில் ஏழெட்டு விநாடி நின்று எண் அடங்கியபின் அடுத்த அடி வையுங்கள், அது சும்மாவே ஐந்தாறு மேலும் கீழும் ஆடும். எந்தத் திசை என்று தெரியாவிட்டால் போனை மார்போடு அணைத்துப் பிடித்து மெல்ல ஒரு சுற்றுத் திரும்புங்கள். எங்கே சமிக்ஞை ரொம்பப் பலவீனமாகிறதோ, பொருள் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிறது. அமெச்சூர் ரேடியோக்காரர்கள் ஒளித்து வைத்த டிரான்ஸ்மிட்டரைத் தேடும் 'நரி வேட்டை' விளையாட்டில் காலங்காலமாகச் செய்யும் தந்திரம் இது. சில சாதனங்கள் தம் ப்ளூடூத் அடையாள எண்ணைக் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளும். பின்தொடர்ந்து வந்த வரி திடீரென்று மறைந்தால் பதறாமல் பட்டியலைப் புதுப்பியுங்கள். டப்பாவுக்குள் மூடிக்கிடக்கும் இயர்பட்ஸைப் பெரும்பாலும் ஸ்கேனர் காட்டாது, சார்ஜ் தீர்ந்த எதையும் காட்டவே காட்டாது.

ஆப்பை எடைபோடுவது

வேறு ஸ்கேனர்தான் பிடித்திருக்கிறது என்றால் இறக்கும் முன் இரண்டு நிமிடம் செலவிடுங்கள். 'அணைந்த பொருளையும் கண்டுபிடிக்கும்', 'எந்த ப்ளூடூத் சாதனத்தையும் வரைபடத்தில் காட்டும்' என்று எழுதியிருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். சில ஐபோன்கள் அணைந்தபின்னும் கொஞ்ச நேரம் இடம் காட்டுவது உண்மை. ஆனால் அது போனுக்குள்ளேயே கம்பெனி வைத்த ஏற்பாடு. வெளியாள் ஆப்பால் அது ஆகாது.

ஆப் பக்கத்தின் கீழே 'இன்-ஆப் பர்சேஸ்' என்ற இடத்தில் விலையைப் பாருங்கள். வாரக்கணக்கில் சந்தா இருந்தால் அது உங்கள் பதற்றத்தை விற்கும் கடை. பொருள் தொலைந்தவர் ஒரு நாள்தான் தேடுவார், சந்தாவை மறந்துவிடுவார் என்பதுதான் அந்த வியாபாரம். விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரத்தை விட்டுவிட்டு ஒரு நட்சத்திரத்தைப் புதியது முதல் என்று வரிசைப்படுத்திப் படியுங்கள். 'பணம் பிடித்துவிட்டார்கள்' என்று நாலு பேர் சொல்லியிருந்தால் போதும்.

அனுமதி விஷயத்தில் ஒரு குழப்பம் தீர்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு 12-க்கு முந்தைய போன்களில் ப்ளூடூத் ஸ்கேன் செய்யவே இருப்பிட அனுமதி வேண்டும், அதனால் பழைய போனில் ஸ்கேனர் இருப்பிடம் கேட்டால் சந்தேகப்பட வேண்டாம். ஆண்ட்ராய்டு 12-லிருந்து 'அருகிலுள்ள சாதனங்கள்' என்று தனி அனுமதி வந்துவிட்டது. தொடர்புகள், படங்கள், எஸ்எம்எஸ் இவற்றில் எதைக் கேட்டாலும் வெளியே வந்துவிடுங்கள். இயர்பட்டைத் தேட உங்கள் மாமியார் நம்பர் எதற்கு?

ஏற்கெனவே சந்தாவை அமுக்கிவிட்டவர்கள் கவனியுங்கள், ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, பேமெண்ட்ஸ், சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பகுதியில் ரத்து செய்யுங்கள். ஐபோனில் செட்டிங்ஸில் உங்கள் பெயருக்குள் சப்ஸ்கிரிப்ஷன்ஸ். யுபிஐ வழியாகக் கட்டியிருந்தால் பணம் அனுப்பும் ஆப்பிலும் ஆட்டோபே பட்டியலைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

வெளியூரில், வண்டியில் விட்டால்

வலைப்பின்னல் உள்ள பொருள் என்றால் உடனே ஆப்பில் 'தொலைந்தது' என்று குறியுங்கள். பஸ் என்றால் டிக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள், வண்டியை அடையாளம் காண டிப்போவில் அதுதான் உதவும். புள்ளி ஓரிடத்தில் நின்றுவிட்டது, அது யாரோ ஒருவர் வீடு என்று தெரிந்தால் தனியாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டாம். புள்ளி பக்கத்து வீட்டைக் காட்டியிருக்கவும் கூடும். போலீஸில் எழுதிக் கொடுத்து, அவர்களோடு போங்கள். தொலைந்தது போனே என்றால் அது வேறு வழி: புகார் எண்ணை வாங்கிக்கொண்டு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் அடையாள எண்ணை, முடக்கச் சொல்லலாம். அந்த எண்ணை இன்றைக்கே *#06# அழுத்திப் பார்த்து வேறெங்காவது எழுதி வையுங்கள்.

ஒற்றை இயர்பட் கிடைக்கவே இல்லை என்றால் முழு செட்டை வாங்கும் முன் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். ஆப்பிள் ஒற்றையாகவே விற்கிறது. மற்றவர்களிடமும் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

டேக் வாங்குவதாக இருந்தால்

சாவிக்கொத்து, பெட்டி, இயர்பட்ஸ் டப்பா இவற்றில் மாட்டும் டேக், அதாவது இடம் காட்டும் சிறு ப்ளூடூத் வில்லை பற்றியும் கேட்கிறார்கள். ஒன்றே ஒன்று பாருங்கள்: ஆப்பிள் வலைப்பின்னலா, கூகுள் வலைப்பின்னலா, சாம்சங்கா என்று பெட்டியில் தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். ஏர்டேக் ஐபோனுக்கு மட்டும். சாம்சங் ஸ்மார்ட் டேக் கேலக்ஸி போனுக்கு மட்டும். சிபோலோ, பெபிள்பீ, ஜியோ டேக் ஆகியவற்றில் சில மாடல்கள் ஆப்பிளுக்கு மட்டும், சில கூகுளுக்கு மட்டும் என்று இருக்கின்றன, பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம், மாற்றி வாங்கிவிடாதீர்கள். எந்த வலைப்பின்னலின் பெயரும் இல்லாமல் நூறு இருநூறு ரூபாய்க்கு விற்பது பத்து மீட்டர் பீப் மட்டும்தான். வீட்டுச் சாவிக்கு அதுவும் போதும்.

ஏர்டேக்கில் சிஆர்2032 பட்டன் பேட்டரி, ஏறக்குறைய ஒரு வருடம் வரும். குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சு பூசிய பேட்டரிகள் விற்கிறார்கள், அவற்றில் சில ஏர்டேக்கில் வேலை செய்யாது என்று ஆப்பிளே சொல்கிறது. புது பேட்டரி போட்டும் உயிர் வரவில்லை என்றால் டேக்கைக் குறை சொல்லும் முன் அதைப் பாருங்கள். உங்களுடையது இல்லாத டேக் உங்களோடு பயணம் செய்வதாகப் போன் எச்சரித்தால் அலட்சியம் செய்யாதீர்கள். 2024 மே மாதத்திலிருந்து ஐஓஎஸ் 17.5-லும், ஆண்ட்ராய்டு 6 அல்லது அதற்கு மேற்பட்ட போன்களிலும் இந்த எச்சரிக்கை இரு பக்கமும் வருகிறது. பையையும் வண்டி சீட்டுக்கு அடியையும் தேடிப் பாருங்கள், குறிப்பாகப் பெண்கள்.

மறுநாள் காலை சித்தப்பா மறுபடி கூப்பிட்டார். ராடார் ஆப்பை ரத்து செய்தாயிற்று, கம்பெனி ஆப் போட்டாயிற்று, பின் நம்பரும் வைத்தாயிற்று. 'எல்லா இடங்களிலும்' என்று மாற்றும் பொத்தானைத்தான் அவரால் படிக்க முடியவில்லை.

"கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாருங்க சித்தப்பா."

"அதத்தாண்டா காணோம். அதுக்கு ஏதாச்சும் ஆப்பு இருக்கா?"

ஏர்டேக்கே பதினோரு கிராம், கண்ணாடியில் மாட்டினால் மூக்கு தாங்காது. போனைச் சித்தியிடம் கொடுக்கச் சொன்னேன்.